நாலாயிரத்துக்கு மேலே

கம்ப்ரசர் சேர்க்கட்டுமா
என்று கேட்கிறது திரையின் ஓரம்.

எங்கள் பக்கம் அந்தச் சொல்லுக்கு
டிராக்டர் பின்னால் இழுபட்டு வரும்
இரும்புப் பீப்பாய் என்று பொருள்.
ரப்பர் குழாய், கல்லைத் துளைக்கும் கம்பி,
கடைவாய்ப்பல் வரை ஏறும் நடுக்கம்.
பத்தொன்பதாவது வயதிலிருந்து ஆறு வருடம்
வேலம்பட்டிக்கு அந்தாண்டை ஒரு குவாரியில்
அதன் பக்கத்திலேயே நின்றேன்.
நாலாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலே எனக்கிருந்ததை எல்லாம்
அதுவே எடுத்துக்கொண்டது:
கொலுசு, சாவிக்கொத்து,
ஸகரம் எங்கே முடிகிறது என்பது.

சேர்த்துக்கொள் என்றேன்.

பெங்களூர் ரோட்டில் பஞ்சர் கடை மாடி.
முட்டை அட்டை ஒட்டிய சுவர்.
காணவில்லை, கடன் மேளா,
மாங்கூழ் ஃபேக்டரிக்கு ஆட்கள் தேவை.
ஆட்டோவில் கட்டும் குழாய்க்குக்
குரல் செய்து கொடுக்கிறேன்.
போன மாதம்தான் இந்த ஏஜெண்ட் வந்தது.
முதல் நாளே எழுதிக் கொடுத்துவிட்டேன்:
நாலாயிரத்துக்கு மேலே உன் பாடு.
கீழே என் பாடு.
எந்த எஃபெக்ட் உள்ளே வந்தாலும்
என்னைக் கேட்டுவிட்டு வரவேண்டும்.

நேற்று திம்மராயப்பா படியேறி வந்தார்.
பதினெட்டுப் படிக்கு மூன்று இடத்தில் நின்று.
ஜெகதேவியில் ஞாயிறு காலை நெஞ்சு எக்ஸ்ரே முகாம்,
கல் உடைத்தவர்கள், பாலிஷ் போட்டவர்கள்
எல்லோரும் வந்து படம் எடுத்துக்கொள்ளவும்.
நாலே வரி.
என் குரலில் பேசுகிறேன் என்றதற்கு
'வேணாம்ப்பா, நம்மாளு பேசினாதான் வருவானுங்க'
என்று மைக்கைப் பிடித்துக்கொண்டார்.

நான் டீ வாங்கப் போனேன்.
ஒவ்வொன்றுக்கும் கேட்டுக் கேட்டுச் சலித்ததில்
எல்லாவற்றுக்கும் சம்மதம் என்ற கட்டத்தை
முந்தாநாள் நானே அழுத்திவிட்டு மறந்திருக்கிறேன்.
திரும்பினால்
பிளக்-இன்கள் ஐந்து
பந்தியில் உட்கார்ந்த மாதிரி வரிசையாக.
நாற்பத்தொரு நொடி முப்பத்திரண்டாகியிருந்தது.
குரல் மழமழவென்று,
ஏற்றுமதிக்குப் போகிற கல்போல,
குனிந்தால் முகம் தெரியும்.

ஒன்பது நொடி எங்கே?

மூச்சொலிகள்.
பேச்சுக்குத் தேவையில்லை என்று நீக்கினேன்.

கோபம் வரவில்லை.
அதற்கு நெஞ்சு இல்லை, தூசி தெரியாது.
திருப்பி வை என்றேன்.
வைத்தது.
அந்தந்த இடத்தில், ஒரு இழுப்புகூடக் குறையாமல்.
எடுத்ததைக் கேட்டதும் திருப்பித் தந்தவர்
ஒருவரையும் நான் குவாரியில் பார்த்ததில்லை.

அந்தச் சம்மதக் கட்டத்தைக் காலி செய்தேன்.
அப்புறம் அது
வகுப்பில் கை தூக்குகிற பிள்ளை மாதிரி கேட்டது:
ஐயாயிரத்து இருநூறில் ஒரு கீச்சொலி,
இரண்டு நொடிக்கு ஒருமுறை.
பழைய பதிவுகளிலும் இருக்கிறது. எடுக்கட்டுமா?

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.
பஞ்சர் கடை இம்தியாஸைக் கூப்பிட்டுக்
காதில் ஹெட்போனை மாட்டினேன்.
அவன் அதைக் கழற்றிவிட்டு
மூலையில் இருந்த டேபிள் ஃபேனைப் பார்த்தான்.
'இதாண்ணா. மூணு வருஷமா கத்துது.'

சொல்லியிருக்கலாமே.

'உங்களுக்குக் கேக்காதுன்னு தெரியும்.
எப்படிண்ணா சொல்றது?'

காசு கொடுத்துவிட்டுப் போன எத்தனை பேர்
கீழ்ப்படி வரை இதைப் பேசியபடி இறங்கினார்களோ.

பதிவிலிருந்து எடுத்துவிடு என்று அதனிடம் சொன்னேன்.
ஃபேனைக் கவிழ்த்துத்
தேங்காய் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டேன்.
திம்மராயப்பா பென்டிரைவைச் சட்டைப் பையில் போட்டு
மேலே ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொண்டு
மெதுவாக இறங்கினார்.

வெறும் அறையைப் பதிவு செய்து கொடுத்தேன்.
மேலே சொல்லும்படி எதுவும் இல்லை என்றது.
இம்தியாஸைக் கேட்கவில்லை. நம்பினேன்.

கீழே லாரி டயருக்குக் காற்றடிக்க
கம்ப்ரசர் ஓட ஆரம்பித்தது.
எனக்கு நன்றாகவே கேட்கிற சத்தம்.

இதை எடுக்கட்டுமா என்றது.

எழுந்து போய்
ஜன்னலைச் சாத்தினேன்.